பீரோ மேல் ஒரு பெட்டி, எதிரில் ஒரு ஜெராக்ஸ் கடை

1. ஆவி பறந்த டீ

கலைச்செல்வி ஜீப்பிலிருந்து இறங்கியபோது குவாரியில் ஈ காக்கை இல்லை. லாரி இல்லை, ஜேசிபி இல்லை, கம்ப்ரெசர் இல்லை. ஒரு பாறையின் மேல் நாலைந்து டீ கிளாஸ் மட்டும் இருந்தன. ஒன்றிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. அதைத் தொட்டுக்கூடப் பார்த்தாளாம்.

"நல்ல சூடு மேடம். எடுத்துக் குடிச்சிடலாமான்னு தோணுச்சு. காலைல இருந்து வயித்துல ஒண்ணும் இல்ல" என்று திரும்பி வந்து என்னிடம் சொன்னாள்.

வல்லம் பக்கம் இருக்கும் அந்தக் குன்றை உடைக்கக் கொடுத்த அனுமதி எப்போதோ முடிந்துவிட்டது. வெடி மட்டும் முடியவில்லை. வெடி வைக்கிற நாளில் பக்கத்து ஊரில் அலமாரியிலிருந்து பாத்திரம் விழுகிறது, சுவர் விரிசல் விடுகிறது என்று மனு மேல் மனு வந்துகொண்டிருந்தது. கையும் களவுமாகப் பிடித்தால்தான் வழக்கு நிற்கும். எங்கள் அலுவலக ஆய்வாளரான கலைச்செல்வி ஒவ்வொரு முறையும் திடீர் ஆய்வுக்குப் போவாள். ஒவ்வொரு முறையும் அவள் வருவது அவளுக்கு முன்னாலேயே அங்கே தெரிந்திருக்கும்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் நூர்ஜகான். செஞ்சியில் ஒரு அரசுத் துறையின் கிளை அலுவலகத்தில் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். பிரிவு என்றால் நான்தான் பிரிவு. துறையின் பெயரைச் சொல்ல மாட்டேன். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான் இருக்கிறது, பென்ஷனோடு விளையாட எனக்கு விருப்பமில்லை. எனக்குப் பிறகு இந்த நாற்காலிக்கு வரப்போகிறவர்கள் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். பயிற்சியில் இதையெல்லாம் சொல்லித்தர மாட்டார்கள்.

2. பெட்டி வந்தது

அந்தச் சூடான டீக்கு முன்பே ஒரு கதை இருக்கிறது. அப்போதெல்லாம் எங்கள் அலுவலகமே ஒரு வாட்ஸ்அப் குரூப்பில்தான் ஓடியது. ஆய்வு உத்தரவும் அதில்தான் வரும், ரோஜாப் பூ போட்ட காலை வணக்கமும் அதில்தான் வரும். யார் யார் அதில் இருக்கிறார்கள் என்று ஒருநாள் உட்கார்ந்து பார்த்தேன். மாற்றலாகிப் போனவர்கள் இருந்தார்கள். ரிட்டயர் ஆனவர்கள் இருந்தார்கள். எப்போதோ ஒரு பிரிவுபசார விழாவுக்குப் படம் எடுக்க வந்த போட்டோகிராபர் இருந்தார். காலமாகிவிட்ட ஒருவரின் எண்ணிலிருந்து அவர் மகன் தவறாமல் வணக்கம் போட்டுக்கொண்டிருந்தான், அதற்கு எல்லோரும் கும்பிடு வைத்துக்கொண்டிருந்தோம். இந்தக் கூட்டத்தில் ரகசிய ஆய்வு உத்தரவைப் போட்டால் அது குவாரிக்குப் போகாமல் வேறெங்கே போகும்?

மேலிடத்துக்கும் இது உறைத்திருக்க வேண்டும். தலைமையகத்திலிருந்து ஒரு பெட்டி வந்தது. டிபன் கேரியர் அளவுதான் இருக்கும். அதுதான் செஞ்சி அலுவலகத்துக்கான சர்வர். இனிமேல் அலுவலகச் செய்தி எல்லாம் துறைக்கென்று செய்த தனி ஆப்பில்தான். ஒவ்வொரு அலுவலகத்துக்கும் அதனதன் பெட்டி. எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு பெரிய சர்வர் என்று எதுவும் கிடையாது. பெட்டியும் பெட்டியும் நேராகப் பேசிக்கொள்ளும். செய்தி அனுப்புகிறவர் போனிலேயே பூட்டப்பட்டு, வாங்குகிறவர் போனில்தான் திறக்கும். நடுவில் யாராலும் படிக்க முடியாது, பெட்டியை வைத்துப் பராமரிக்கிற என்னாலும் முடியாது.

இதை எல்லோரையும் உட்காரவைத்து விளக்கினேன். அலுவலக உதவியாளர் முனுசாமிதான் முதல் கேள்வி கேட்டார்.

"இன்னா மேடம், அப்போ நம்ம மெசேஜ் எல்லாம் சென்னைல இல்லையா?"

"இல்ல. இங்கதான்."

"இங்கன்னா? இந்தப் பொட்டியிலயா?"

"ஆமா. நம்ம பக்கத்து ஏரிங்க மாதிரி. ஊருக்கு ஒரு ஏரி, அவங்கவங்க தண்ணி அவங்கவங்க ஏரியில. மிஞ்சினது வாய்க்கால் வழியா அடுத்த ஏரிக்குப் போவுது. ஒரு கரை உடைஞ்சாலும் மத்த ஏரி இருக்குது இல்ல."

முனுசாமிக்குத் திருப்தி. ஆனால் எங்கள் சூப்பிரண்டு தேவநாதன் சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார். கண்காணிப்பாளர் என்பது அவர் பதவி. அலுவலகத்தில் ஒரு குண்டூசி நகர்ந்தாலும் அதற்கு ஒரு குறிப்பு எழுதி வைப்பார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் யாருக்கோ வேலை வருகிறது என்று பொருள்.

"ஏம்மா, அது எங்க வைக்கப் போறீங்க?"

"பீரோ மேல சார். அங்கதான் பிளக் பாயின்ட் இருக்குது."

"பீரோ என் கஸ்டடி. அப்ப பொட்டியும் என் பொறுப்பு. உள்ள இருக்கிற மெசேஜும் என் பொறுப்பா?"

"படிக்க முடியாது சார். பூட்டியிருக்கும்."

"படிக்க முடியாததுக்கு நான் எப்படிம்மா பொறுப்பு ஏத்துக்கிறது?"

நியாயமான கேள்விதான். பெட்டி பீரோ மேல் ஏறியது. ஆயுத பூஜைக்கு முனுசாமி அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். மீதி நாட்களில் தன் துண்டை அதன் மேல் காயப் போட்டார். சூடாகிவிடும், எடுங்கள் என்று நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். "சூடு இருந்தாதான் மேடம் காயும்" என்பார்.

இந்த ஆப்பில் ஒரு சடங்கு உண்டு. முதல்முறை இரண்டு பேர் பேசும்போது, பேசுவது உண்மையிலேயே அந்த ஆள்தானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். இருவர் திரையிலும் சில சின்னப் படங்கள் வரும். ஒருவர் வாயால் சொல்ல வேண்டும், மற்றவர் தன் திரையில் அதே படம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தேவநாதன் சார் இதை மாவட்ட அதிகாரியோடு செய்ய வேண்டியிருந்தது. போனை எடுத்ததும் எழுந்து நின்றுகொண்டார். மேலதிகாரியிடம் அவர் உட்கார்ந்து பேசியதே கிடையாது.

"வணக்கம் சார். படம் சரிபார்க்கிறதுக்காக சார். குடை சார். அடுத்து சைக்கிள் சார்." அங்கே நின்றுவிட்டார். என்னைப் பார்த்தார். போனைக் கையால் மூடிக்கொண்டு, "இதை நான் எப்படிம்மா சொல்றது?" என்றார். மூன்றாவது படம் பன்றி.

"சொல்லித்தான் ஆவணும் சார்."

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "சார், தப்பா நினைக்கக் கூடாது. அடுத்து வராகம் சார்" என்றார். அந்தப் பக்கம் மாவட்ட அதிகாரி அதை என்னவென்று புரிந்துகொண்டாரோ, சரி என்று சொல்லிவிட்டார்.

அதோடு சாருக்கு அந்த ஆப் போதும் என்றாகிவிட்டது. வருகிற செய்திக்கெல்லாம் பதில் தட்டச்சு செய்ய அவருக்குப் பொறுமை இல்லை. ஒரு தட்டில் 'பெறப்பட்டது' என்று போகிற மாதிரி அவர் போனில் வைத்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகு வெகுநாள் வரை அவரிடமிருந்து யாருக்கும் வேறு ஒரு வார்த்தை போனதாக எனக்குத் தெரியாது. யாரோ தன் தாத்தா இறந்துவிட்டார், விடுப்பு வேண்டும் என்று போட்டதற்கும் 'பெறப்பட்டது' என்றுதான் போயிற்று.

3. மூன்று பேர்

பெட்டி வந்த பிறகு ஆய்வு உத்தரவுக்கென்று ஒரு தனி அறையை ஆப்பில் உருவாக்கினேன். அதில் மூன்றே பேர். மாவட்ட அதிகாரி, தேவநாதன் சார், கலைச்செல்வி. டிரைவருக்குக்கூட ஜீப் கிளம்பிய பிறகுதான் எங்கே போகிறோம் என்று தெரியும். ஸ்க்ரீன்ஷாட் எடுக்க முடியாதபடி தடை போட்டேன். கொஞ்சம் கர்வமாகவே இருந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஏற்பாட்டுக்குப் பிறகு நடந்த ஆய்வில்தான் கலைச்செல்வி அந்தச் சூடான டீயைப் பார்த்தாள்.

மறுநாள் மாவட்ட அதிகாரி என்னைப் போனில் கூப்பிட்டார். "உங்க சிஸ்டத்துல ஓட்டை இருக்கா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க" என்றார். பெட்டியின் பதிவுகளை அலசினேன். வெளியாள் யாரும் நுழையவில்லை, வேறு கருவி எதுவும் சேரவில்லை. உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் நான் செய்த காரியம் எனக்கு விளங்கியது. பெட்டியில் ஓட்டை இல்லை என்றால் ஓட்டை ஆளிடம் இருக்கிறது. மூன்று பேரில் ஒருவர் அதிகாரி. இன்னொருவர் சர்வீஸ் முழுக்க ஒரு குண்டூசியைக்கூட வீட்டுக்கு எடுத்துப் போகாத சூப்பிரண்டு. மிச்சம் இருப்பது வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலமே ஆன சிங்கவரத்துப் பெண்.

"அடுத்த இன்ஸ்பெக்ஷனும் இப்படியே ஆச்சுன்னா பதினேழு பி போட்டுடுங்க" என்று மாவட்ட அதிகாரியிடமிருந்து தேவநாதன் சாருக்கு உத்தரவு வந்துவிட்டது.

அரசு ஊழியர் அல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். பதினேழு பி என்பது குற்றச்சாட்டுக் குறிப்பாணை. அது ஒருவர் மேல் வந்து உட்கார்ந்தால் பதவி உயர்வு நிற்கும், விசாரணை வரும், வேலையே போகலாம். எல்லாவற்றையும்விடப் பெரிது, காசு வாங்கிக்கொண்டு காட்டிக்கொடுத்தவள் என்ற பெயர். செஞ்சி மாதிரி ஊரில் அந்தப் பெயர் பஸ் ஸ்டாண்டு வரை வந்து நம்மை ஏற்றிவிட்டுத்தான் போகும்.

தேவநாதன் சார் வரைவைத் தயார் செய்துவிட்டார். தேதி மட்டும் போடவில்லை. கலைச்செல்விக்குத் தெரிந்துவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் என் மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். டப்பாவைத் திறக்கவே இல்லை.

"மேடம், சத்தியமா நான் யார்கிட்டயும் சொல்லல. எங்க நைனா கேட்டாகூட சொல்ல மாட்டேன். 'எங்க போற'ன்னுவாரு, 'வேலைக்கு'ன்னு மட்டும்தான் சொல்லுவேன்."

"எனக்குத் தெரியும்டி."

"உங்க பொட்டிக்குத் தெரியலையே."

அந்த வார்த்தை எனக்குச் சுருக்கென்று குத்தியது. ஆத்திரமும் வந்தது. என் பெட்டி யோக்கியமாக இருந்ததுதான் அவளுக்கு எதிராகச் சாட்சி சொன்னது. பெட்டியில் ஏதாவது ஓட்டை இருந்து தொலைத்திருக்கக் கூடாதா என்று நான் வேண்டிக்கொண்ட நாள் அது ஒன்றுதான்.

"மொதல்ல சாப்பிடு" என்றேன்.

"இறங்கல மேடம். இன்ஸ்பெக்ஷன்னாலே எனக்குச் சோறு இறங்காது. இப்ப எல்லா நாளும் அப்படி ஆயிடுச்சு."

4. விசிறி

அடுத்த ஆய்வு மறுநாள் காலை என்று மூவர் அறைக்குச் செய்தி வந்த அன்று மத்தியானம், ரேஷன் கார்டு நகல் எடுக்க எதிரில் இருக்கும் கோபால் கடைக்குப் போனேன். எங்கள் அலுவலகத்தைச் சுற்றி வாழ்கிற கடை அது. கோபாலிடம் இல்லாத விண்ணப்பமே கிடையாது.

போன நேரம் கரண்ட் இல்லை. கடை வாசல் பெஞ்சில் மூன்று நான்கு பேர் வேர்த்து ஊற்றக் காத்திருந்தார்கள். லாரிக்காரர்கள். கல் ஏற்றிப்போவதற்கான நடைச்சீட்டை நகல் எடுக்க அவர்கள் தினமும் அங்கேதான் வருவார்கள். நடுவில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் ஒரு தாளை மடித்து விசிறிக்கொண்டிருந்தார். காற்று வாங்கும் சுகத்தில் கண்ணை மூடியிருந்தார்.

கோபால் என்னைப் பார்த்ததும், "வாங்க மேடம். கரண்ட் போறதுக்கு முன்னாடியே உங்க ஆபீஸ் பிரின்ட்ட போட்டுட்டேன். கையோட எடுத்துனு போயிடுங்க" என்றார். பெஞ்சு பக்கம் திரும்பி, "யோவ், அந்தத் தாளக் குடுய்யா, அது மேடம் ஆபீஸ்து" என்றார்.

பெரியவர் விசிறுவதை நிறுத்தி, தாளைத் தொடையில் வைத்து நன்றாக நீவி, மரியாதையாக இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தார்.

எங்கள் அலுவலக லெட்டர்ஹெட். அதன் கீழே மறுநாள் காலை ஆய்வு, இடம், ஜீப் கிளம்பும் நேரம், கலைச்செல்வியின் பெயர். காலையில்தான் அந்தச் செய்தி மூன்று பேர் போனில் பூட்டோடு வந்து இறங்கியிருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் நின்றேன்.

"இது உங்ககிட்ட எப்படிங்க வந்துச்சு?"

"எப்பவும் வர்றதுதான் மேடம். முனுசாமி அண்ணன் வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்புவாரு. இப்பல்லாம் போட்டோ கலங்கலா வருது, என்னான்னே தெரியல. அதான் நானே டைப் அடிச்சிடறேன். லெட்டர்ஹெட் நம்ம சிஸ்டத்துலயே இருக்குது." குரலில் பெருமை. அந்த மனிதரிடம் ஒரு துளி கள்ளம் இல்லை.

அலுவலகத்துக்கு வந்து முனுசாமியைப் பிடித்தேன். அவரும் மறைக்கவில்லை.

"சார் எல்லா மெசேஜையும் ஃபைல்ல வைக்கச் சொல்லுவாரு மேடம். நம்ம பிரின்டருக்கு டோனர் கேட்டு எழுதி எவ்ளோ நாளாச்சு, வரல. அதான் கோபால்கிட்ட போடறது. மின்னெல்லாம் ஸ்க்ரீன்ஷாட் எடுப்பேன். நீங்க இன்னாமோ பண்ணதுக்கு அப்புறம் அது வரல. அதான் சார் போன மேசைல வச்சி என் போன்ல போட்டோ புடிச்சி அனுப்பறேன். லைட்டு அடிக்குது, அதான் கலங்குது."

நான் போட்ட தடையால் அவருக்கு ஒரு வேலை கூடியிருக்கிறது. கோபாலுக்கும் ஒரு வேலை கூடியிருக்கிறது. அவ்வளவுதான் அதன் பலன்.

5. ஒத்திவைப்பு

தாளைக் கொண்டுபோய் தேவநாதன் சார் மேசையில் வைத்தேன். அவர் அதைப் பஞ்ச் செய்து கோப்பில் கோக்கப் போனார்.

"சார், ஒரு நிமிஷம். இந்தத் தாள் எங்க இருந்து வந்துச்சுன்னு தெரியுமா?"

"முனுசாமி பிரின்ட் எடுத்தான்."

"கோபால் கடையில சார். ஒரு லாரி ஓனரு இதுல விசிறிட்டு இருந்தாரு."

அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். மடிப்புத் தடம் அதில் அப்படியே இருந்தது.

"ஏம்மா, ஃபைல்ல இல்லாத எதையும் நடந்துச்சுன்னு நாளைக்கு யாரும் ஒத்துக்க மாட்டான். அந்தப் பொண்ணு போனா, பாத்தா, வந்தான்னு காட்டறதுக்காகத்தான் வச்சேன். அவளுக்குப் பாதுகாப்புன்னு நெனச்சேன்."

"தெரியும் சார்."

"பதினேழு பி எனக்குத்தான்மா போடணும்."

அவர் குரல் எப்போதும் போல நிதானமாகத்தான் இருந்தது, ஆனால் பஞ்சிங் மெஷினைப் பிடித்திருந்த கை மட்டும் அதை விடவே இல்லை. பிறகு கலைச்செல்வியைக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். அவள் குறிப்பாணைதான் என்று நினைத்துக் கையெழுத்துப் போடப் பேனாவோடு வந்து நின்றாள். பாவம்.

சார் விஷயத்தைச் சொன்னார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் அகராதியில் கிடையாது, அன்றும் வரவில்லை. சொல்லி முடித்ததும், "நாளைக்கு அங்க போனா மறுபடியும் டீ கிளாஸ்தான் இருக்கும்" என்றார்.

"சார், வேற எடம்னு ஒரு ஆர்டர் போட்டு கோபால் கடைக்கே அனுப்பிடலாம்" என்றேன் நான். அப்போதைக்கு என் மூளை அவ்வளவுதான் ஓடியது.

"பொய்யா உத்தரவு போட்டு என் கையெழுத்து வைக்க மாட்டேன்" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். கொஞ்ச நேரம் அலமாரியைப் பார்த்தார். எழுந்துபோய் ஒரு கோப்பைத் தூசி தட்டி எடுத்தார். பணியாளர் அனைவரும் ஒருநாள் பொது இடத்தில் தூய்மைப் பணி செய்ய வேண்டும் என்று எப்போதோ வந்த சுற்றறிக்கை. நாங்கள் யாரும் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தது.

"முனுசாமி" என்று கூப்பிட்டு, நின்றபடியே உத்தரவைச் சொன்னார். நாளைக் காலை ஆய்வு ஒத்திவைக்கப்படுகிறது. சுற்றறிக்கையின்படி அலுவலகப் பணியாளர்கள் நாளை செஞ்சிக் கோட்டையில் தூய்மைப் பணியில் ஈடுபடுவார்கள். அலுவலக ஜீப் கோட்டை வாசலில் நிற்கும்.

"எழுதிட்டியா? போயி கோபால்கிட்ட போட்டு எடுத்துனு வா. அவசரம் இல்ல, மெதுவா வா."

முனுசாமி போனதும் நான் கேட்டேன். "சார், ஒத்திவைக்கப்படுதுன்னா பொய் இல்லையா?"

"எவ்ளோ நேரத்துக்குன்னு எழுதணும்னு எந்த விதியிலயும் இல்லம்மா. காலைல எட்டு மணிக்கு இருந்தது. பதினோரு மணிக்கு ஒத்தி வச்சிருக்கேன்."

அதற்குப் பிறகு செய்ததுதான் எனக்கு ஆச்சரியம். தன் போனை எடுத்து, மூவர் அறையைத் திறந்து, மாவட்ட அதிகாரிக்கு அவரே தட்டச்சு செய்ய ஆரம்பித்தார். ஒற்றை விரல். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு யோசனை. கலைச்செல்வி உதவப் போனாள். "இரும்மா" என்று தடுத்துவிட்டார். அந்தச் செய்தி மூவர் அறையைவிட்டு வேறெங்கும் போகவில்லை, தாளுக்கும் போகவில்லை.

6. கோட்டையில் துடைப்பம்

மறுநாள் எங்கள் அலுவலகமே கோட்டையில் இருந்தது. வாசலில் அனுமதி வாங்கி, ஆளுக்கு ஒரு சாக்கும் துடைப்பமுமாக ராஜகிரிப் படிக்கட்டில் ஏறினோம். சிப்ஸ் கவர், தண்ணீர் பாட்டில் எல்லாம் பொறுக்கப் பொறுக்க, எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த குரங்குகள் சாக்கிலிருந்து அவற்றை எடுத்து மறுபடி வெளியே போட்டுக்கொண்டே வந்தன. ஜீப் வாசலிலேயே நின்றது, ஊர் பார்க்கட்டும் என்று. கலைச்செல்வியை மாவட்ட அதிகாரி தன் வண்டியில் வேறு வழியாக வந்து சிங்கவரத்தில் அவள் வீட்டு வாசலிலேயே ஏற்றிக்கொண்டு போனது எனக்கும் சாருக்கும் மட்டும்தான் தெரியும்.

தேவநாதன் சாருக்கு மூட்டு வலி. கால்வாசி ஏறியதும் ஒரு மண்டபத்தில் உட்கார்ந்துவிட்டார். போனை எதிரில் இருந்த கல்லின் மேல் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார். அங்கே சிக்னல் ஒரு கோடு வரும், போகும்.

கீழே இருந்து ஒருவர் மூச்சு வாங்க ஏறி வந்தார். விசிறிக்காரர்.

"இன்னா சார், உண்மையிலயே பெருக்கறீங்க" என்றார். எங்களைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்பது தெரிந்தது. சுற்றுமுற்றும் பார்த்தார். "அந்தக் கலை மேடத்தக் காணோமே?"

சார் பொய் சொல்ல மாட்டார். உண்மையைச் சொன்னால் இந்த ஆள் கீழே இறங்குவதற்குள் ஒரு போன் போட்டுவிடுவார்.

"வேலையில இருக்காங்க" என்றார் சார், துடைப்பத்தைத் தட்டிக்கொண்டே.

"ஆமா, கோட்டை என்ன சின்னதா. மேல எங்கனா பெருக்கிட்டு இருப்பாங்க" என்று அவரே முடித்துக்கொண்டார். போகும்போது எங்களுக்காக ஒரு கவரையும் பொறுக்கிப் போட்டுவிட்டுப் போனார்.

வெயில் ஏறியது. போன் ஒருமுறை அதிர்ந்தது. எடுத்துப் பார்த்து என்னிடம் நீட்டினார். லாரி, ஜேசிபி, கம்ப்ரெசர், வெடி வைக்கப் போட்ட துளை, வேலை செய்த ஆட்கள் என்று எல்லாம் பிடிபட்டது என்று கலைச்செல்வி அனுப்பியிருந்தாள். கடைசி வரியில், 'டீ போட்டுட்டு இருந்தாங்க சார்' என்று இருந்தது.

நான் அழுதுவிட்டேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு அந்த மண்டபத்தில் அழுதேன். முனுசாமி மேல்படியிலிருந்து, "குரங்கு கடிச்சிடுச்சா மேடம்?" என்று கேட்டார். சார் போனை வாங்கிக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து, ஒற்றை விரலால் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். வெகுநேரம் தட்டினார்.

அவர் என்ன தட்டினார் என்பதைச் சாயங்காலம் கலைச்செல்விதான் சொன்னாள்.

"'தட்டச்சு செய்கிறார்'னு வந்துட்டே இருந்துச்சு மேடம். நின்னுடும், திருப்பி வரும். மெமோவையே இதுல அடிக்கிறாரு போலன்னு பயந்துட்டேன். கடைசில ஒரே ஒரு வார்த்தை வந்துச்சு. 'சாப்டியாம்மா'. அவ்ளோதான். எனக்கு அங்கயே பசி எடுத்துடுச்சு."

7. புதிதாக வருபவர்களுக்கு

வரைவுக் குறிப்பாணையைச் சார் கிழிக்கவில்லை. கிழிப்பது விதிக்கு விரோதம். 'மேல்நடவடிக்கை தேவையில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டு அந்தக் கோப்பை முடித்தார். தாள் எப்படி வெளியே போனது என்பதற்குத் தன் பெயரைப் போட்டே ஒரு விளக்கம் எழுதி மாவட்ட அதிகாரிக்கு அனுப்பினார். பதிலுக்கு அவருக்கு 'பெறப்பட்டது' என்று ஒரு வார்த்தை வந்தது. கோபாலிடம் அவர் சிஸ்டத்திலிருந்த லெட்டர்ஹெட்டை அழிக்கச் சொன்னோம். "ஏன் மேடம், நல்லாத்தானே இருந்துச்சு" என்று வருத்தப்பட்டார்.

பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளிடம் இதைச் சொன்னால், கடைசியில் எந்த செட்டிங்கை மாற்றினீர்கள் என்று கேட்கிறார்கள். நான் எதையும் மாற்றவில்லை. பெட்டி முதல் நாளிலிருந்து ஒழுங்காகத்தான் வேலை செய்தது. எனவே நீங்கள் ஒரு அலுவலகத்துக்குப் புதிய ஆப்பைக் கொண்டுபோனால், சர்வரைப் பார்ப்பதற்கு முன் பிரின்டரைப் பாருங்கள். டோனர் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் எதிர்க்கடைக்குப் போய்க் கொஞ்ச நேரம் பெஞ்சில் உட்காருங்கள். ஆட்கள் ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரு நல்ல காரணம் சொல்வார்கள், அந்தக் காரணத்துக்கு வழி செய்யாமல் பூட்டை மட்டும் மாற்றிப் பயனில்லை. சாருக்குக் கோப்பு வேண்டும் என்பது நியாயம்தான். டோனர் இன்றுவரை வராததால், மூவர் அறைச் செய்திகளை அவரே போனைப் பார்த்துத் தன் கையால் தாளில் எழுதி, பீரோவில் வைத்துப் பூட்டுகிறார்.

கோட்டைக்குப் போய் வந்த மறுநாள்தான் அந்த வழக்கம் தொடங்கியது. கலைச்செல்வியின் செய்தியை டீ வரி உட்பட முத்து முத்தாக எழுதி, கீழே கோடு போட்டார். முனுசாமி பக்கத்தில் நின்று போனை எட்டிப் பார்த்தார்.

"சார், அதுக்கு அடியில இன்னொண்ணு விட்டுட்டீங்களே. நீங்க போட்டது. சாப்டியாம்மான்னு."

சார் பேனாவை மூடினார்.

"அது ஃபைலுக்கு இல்ல முனுசாமி."